குக்கரஹள்ளி முதல் பிச்சாவரம் வரை: நீரின் தரம் பார்க்கும் தொழில்

(மைசூரில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏரி, சதுப்பு, கழிமுகம், கடலோரம் ஆகியவற்றின் நீரைச் சோதிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஓர் அறிவியலாளரின் பாதையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானும் அந்தத் தொழிலில்தான் இருந்தேன். ஆனால் என் கதையைவிட, என்னைப் போன்ற பலருக்கு வழிபோட்ட ஒருவரின் கதை உங்களுக்குப் பயன்படும். அவருடைய குடும்பப் பெயரில் இந்த வட்டாரத்தின் வாடை இருக்கிறது. மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். அறிவியல் உலகம் அவரை எம்.ஓ.பி. ஐயங்கார் என்று அறியும். 1886 டிசம்பரில் சென்னையில் பிறந்தார், மாநிலக் கல்லூரியில் படித்தார், சென்னை அருங்காட்சியகத்திலும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் வேலை பார்த்தார். 1920இல் மாநிலக் கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். 1963 டிசம்பரில் காலமானார்.

பாசிக்கும் நீரின் தரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஐயங்கார் தன் காலத்தில் "மாசு" என்ற நோக்கில் எதையும் அளக்கவில்லை. குட்டை, குளம், வயல், கோயில் திருக்குளம், ஈர மண் என்று எங்கெங்கோ போய்ப் பாசியை அள்ளி வந்தார். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார், வரைந்தார், பெயரிட்டார். 1932இல் அவர் விவரித்த ஈரமண் பாசிக்கு, லண்டனில் தன் ஆசிரியராக இருந்த ஃபிரிட்ச் அவர்களின் பெயரைச் சூட்டினார். ஃபிரிட்சியெல்லா என்ற அந்தப் பெயர் இன்றும் தாவரவியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அடுத்த ஆண்டு, தென்னிந்தியாவின் வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றிய நீண்ட கட்டுரை வந்தது. அதற்கும் முன்பே, 1927இல், மன்னார் வளைகுடாவில் பாம்பன் அருகேயுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதியிருந்தார். நன்னீரையும் உப்புநீரையும் ஒரே கண்ணால் பார்த்த முதல் தலைமுறை அது.

அவரிடமிருந்து கிளைத்தவர்களைப் பாருங்கள். டி.வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட பெரிய நூலை எழுதினார். இன்றும் ஓர் ஏரி பச்சையேறினால், எந்த இனம் என்று பார்க்க முதலில் கை நீள்வது அந்த நூலுக்குத்தான். ஆர். சுப்பிரமணியன் 1946இல் சென்னைக் கடற்கரையின் மிதவை டயாட்டம்களைப் பட்டியலிட்டார். 1959இல் மேற்குக் கடற்கரையின் தாவர மிதவைகளைப் பற்றி எழுதினார். கேரளக் கடலில் மீன் ஏன் சில பருவங்களில் கூடுகிறது என்று கேட்பவர்கள் அந்தக் கட்டுரைக்கு வராமல் போக முடியாது. ஐயங்காரும் தேசிகாச்சாரியும் சேர்ந்து எழுதிய வால்வாக்ஸ் வகை நூல் 1981இல்தான் அச்சேறியது. ஐயங்கார் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து! ஒரு மனிதரின் வேலை அவருக்குப் பின்னும் இத்தனை காலம் உயிரோடு இருந்து வெளிவர வேண்டுமென்றால், குறிப்புகளை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். இளைஞர்களே, இந்தத் தொழிலின் முதல் பாடம் அதுதான். எடுத்த நாள், எடுத்த இடம், எடுத்த நேரம் மூன்றும் இல்லாத மாதிரி வெறும் தண்ணீர்.

பெயரிட்டு வைத்ததால் என்ன பயன்? 1908, 1909 ஆண்டுகளில் ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர், சாக்கடை கலந்த ஆற்றில் எந்த உயிரிகள் வாழ்கின்றன, தெளிந்த ஆற்றில் எவை வாழ்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். 1969இல் அமெரிக்காவில் பால்மர் அதை எளிமையாக்கி, கரிமக் கழிவைத் தாங்கும் பாசிப் பேரினங்களுக்கு மதிப்பெண் கொடுத்தார். யூக்ளினாவுக்கும் ஆசில்லட்டோரியாவுக்கும் ஐந்து, கிளாமிடோமோனாசுக்கும் செனடெஸ்மசுக்கும் நான்கு. கூட்டுத்தொகை இருபதோ அதற்கு மேலோ போனால் அந்த நீரில் கரிமக் கழிவு மிகுதி. நம் பகுதிக்கு வந்தால், 1980இல் சங்கர் ஹொஸ்மனியும் தார்வாட்டின் எஸ்.ஜி. பாரதியும் பாசிகளைக் கரிமக் கழிவின் சுட்டிகளாகக் கொள்வது குறித்து ‘பைக்கோஸ்’ இதழில் எழுதினார்கள். ஹொஸ்மனி பிறகு இந்த மைசூரிலிருந்தே இங்குள்ள ஏரிகளின் மிதவைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். பெயர் தெரியாத பாசிக்கு மதிப்பெண் போட முடியுமா? ஐயங்கார் தலைமுறை பெயரிட்டு வைத்ததால்தான் அடுத்த தலைமுறை எண்ணிப் பார்க்க முடிந்தது.

வேதியல் சோதனை அந்த நொடியின் நாடித்துடிப்பைச் சொல்லும். உயிரிகளோ கடந்த சில வாரங்களின் உடல்நிலையைச் சொல்லும். நேற்று பெய்த மழையில் கழிவுநீர் நீர்த்து அளவுகள் இறங்கியிருக்கலாம். அதற்குள் யூக்ளினா ஓடிப்போய்விடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். குக்கரஹள்ளி ஏரியை 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் வெட்டினார்கள். ஊருக்கு வெளியே உள்ள நிலங்களுக்குப் பாசனம் தர எழுந்த ஏரி அது; நகரத்துக்குக் குடிநீரும் தந்திருக்கிறது. திவான் பூர்ணையாவின் பெயர் தாங்கிய வரத்துக் கால்வாய் அதற்கு நீர் கொண்டுவந்தது. லிங்காம்புதி ஏரி இன்னும் பழையது, 1828. மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் காரஞ்சி ஏரி. இவை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கதிதான் வந்தது. வரத்துக் கால்வாய்களில் வீடுகள் எழுந்தன, நல்ல நீர் வருவது நின்றது, குடியிருப்புகளின் கழிவுநீர் வந்து சேர்ந்தது. மழைநீர் வர வேண்டிய வழியில் சாக்கடை வந்தால், ஏரியின் நீர் மட்டம் குறையாது. கரையில் நடப்பவர் கண்ணுக்கு ஏரி நிறைந்தே தெரியும். அதனால்தான் இந்தக் கேட்டை ஊர் தாமதமாக உணர்கிறது. பிற்பாடு பல்கலைக்கழகமும் குடிமக்களும் குக்கரஹள்ளிக்காகப் பாடுபட்டார்கள், காரஞ்சி புதுப்பிக்கப்பட்டது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் புதுப்பித்த ஏரி எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து சொல்ல யாரும் இல்லையென்றால், அந்த உழைப்பு எவ்வளவு நாள் நிற்கும்?

ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது கரைந்த ஆக்ஸிஜனை. இதை எப்படி அளக்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்க்க அழகான சோதனை. 1888இல் ஹங்கேரிய வேதியலாளர் லாயோஷ் விங்க்லர் கண்டது. 300 மில்லி கொள்ளும், கண்ணாடி மூடியுள்ள பாட்டிலை நீருக்குள் அமிழ்த்தி, குமிழி ஒன்றுகூடத் தங்காமல் நிரப்ப வேண்டும். கரையிலேயே அதில் மாங்கனீசு சல்பேட்டும், கார அயோடைடு கரைசலும் சேர்க்க வேண்டும். மூடியைப் போட்டுத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினால் வீழ்படிவு உண்டாகும். நீரில் ஆக்ஸிஜன் இருந்தால் அது பழுப்பு நிறம். துளியும் இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளையைப் பார்த்தால் பிறகு எந்தக் கருவியும் தேவையில்லை, ஏரி மூச்சிழந்திருக்கிறது. பழுப்பு வந்தால் கந்தக அமிலம் விட்டுக் கரைத்து, மஞ்சள் நிறக் கரைசலில் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். அடுத்த சில சொட்டுகளில் நீலம் சட்டென்று மறையும். எத்தனை மில்லி தயோசல்பேட் செலவானதோ அதுவே ஆக்ஸிஜன் கணக்கு. இன்று கையில் பிடிக்கும் மின்கருவிகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சரிபார்க்க விங்க்லரிடம்தான் திரும்புகிறோம்.

25 பாகை வெப்பத்தில் கடல் மட்டத்தில் உள்ள நன்னீர், லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்து ஏற்றுக் கரைத்து வைத்திருக்கும். கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கும் மேலே இருக்கும் மைசூரில் அது இன்னும் கொஞ்சம் குறையும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்க நீருக்கு 6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். குளிக்க 5. மீன் வாழ 4.

இப்போது ஒரு பச்சையேறிய ஏரிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் அளந்தால் என்ன கிடைக்கும்? பாசி வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனைக் கக்கிக்கொண்டிருக்கும். 8 தாண்டி 10, 12 என்றுகூட அளவு வரும். படிவத்தில் எழுதினால் குடிநீர் ஏரி! அதே ஏரியில் அதே பாசி இரவு முழுக்க ஆக்ஸிஜனைக் குடிக்கிறது. அடியிலுள்ள சேறும் குடிக்கிறது. விடிவதற்கு முன் அளவு ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கும். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காலையில் நடக்க வருபவர்கள் செத்து மிதக்கும் மீனைப் பார்த்து யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்பார்கள். அம்மோனியாவும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிற்பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் நீர் காரமாகும், பி.எச். 9ஐத் தாண்டும். அப்போது சாக்கடையோடு வந்த அம்மோனியம், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாக மாறும். ஆக, ஒரே நாளில் இரண்டு வேறு ஆபத்துகள், இரண்டு வேறு நேரங்களில்.

அரசு அலுவலகங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் மாதிரி எடுக்கும் வண்டி எப்போது புறப்படும் என்று உங்களுக்குத் தெரியும். அலுவலகம் திறந்து, டிரைவர் வந்து, பாட்டில்களை ஏற்றி ஏரிக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி ஆகும். நம் நாட்டு ஏரிகளின் அறிக்கைகளில் பெரும்பாலானவை பதினொரு மணி ஏரியின் அறிக்கைகள். இதை நான் குறை சொல்லிவிட்டுப் போக வரவில்லை, மாற்ற முடியும் என்றுதான் சொல்கிறேன். ஏரிக்கரையில் குடியிருக்கும் மாணவருக்கு விடிகாலை ஐந்து மணி ஒரு தடை ஆகாது.

பாசி மிகுந்தால் மீன் மட்டுமா சாகிறது? மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி, பச்சைப் பெயின்ட்டைக் கொட்டினாற்போல் கரையோரம் திரளும். அதன் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். குடிநீரில் அந்த நச்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஆண்டு முழுவதும் இந்தப் பாசி மாறாமல் நிற்கும் ஒரு கோயில் குளத்தைப் பற்றி எஸ்.வி. கணபதி 1940லேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவர் ஒரு குளத்தைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை நாம் ஏன் விட்டோம்?

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் தீப்பிடித்து எரிந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவும் அவருடைய குழுவினரும் பெங்களூர் ஏரிகளின் சீர்கேட்டைப் பல ஆண்டுகளாக அளந்து எழுதிவந்தவர்கள். எரிந்த பிறகு பார்க்க ஆயிரம் பேர் வந்தார்கள். எரிவதற்கு முன் படிக்க யாரும் இல்லை.

மைசூரின் நீர் மைசூரோடு நிற்பதில்லை. இந்த நகரம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வடக்கே வழிவது காவிரிப் பக்கம், தெற்கே வழிவது கபினிப் பக்கம். இரண்டும் திருமகூடலு நரசிபுரத்தில் கூடுகின்றன. அங்கிருந்து சிவனசமுத்திரம், ஒகேனக்கல், 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை, பிறகு ஈரோடு, கல்லணை, கொள்ளிடம். கடைசியில், கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் பிச்சாவரத்து அலையாத்திக் காடு. நாம் இங்கே கழுவிவிடும் நீரில் கொஞ்சம் அங்கே போய்ச் சேர்கிறது. அதைவிட முக்கியம், நாம் இங்கே தடுத்து நிறுத்தும் நீர் அங்கே போவதில்லை. 1911இல் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணையும் மேட்டூரும் சோறு போட்டன, விளக்கேற்றின. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கழிமுகத்துக்குப் போகும் நன்னீரும் வண்டலும் குறைந்தன. பிச்சாவரத்தில் மரங்களை வெட்டி அழித்த இடங்கள் தொட்டிபோல் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பு ஏறி, விதை முளைக்க முடியாமல் கிடந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே வாய்க்கால் வெட்டி ஓதநீர் போய்வர வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது. தரம் என்ற சொல்லுக்குள் அளவும் அடக்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

காவிரியின் வேதியலையும் பிச்சாவரத்துச் சேற்றையும் ஆராய்ந்தவர்களில் வி. சுப்பிரமணியன், அல். இராமநாதன், ஆர். ரமேஷ் ஆகியோரின் பெயர்களைச் சொல்ல வேண்டும். 1999இல் அவர்கள் சேர்ந்து எழுதிய பிச்சாவரம் பற்றிய கட்டுரை, அலையாத்திக் காட்டுச் சேறு உலோகங்களை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று அறிய நல்ல தொடக்கம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தைத் தன் வாசலாகவே கொண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அலையாத்திக் காடு அடர்ந்த பக்கத்துக் குப்பங்களில் உயிரிழப்பு குறைவு என்று அங்கிருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் எழுதியதை உலகெங்கும் எடுத்தாண்டார்கள்.

ஏரிக்கரையில் பழகிய வேதியலாளர் கடற்கரைக்குப் போனால் மறுபடி பள்ளிக்கூடம் போனதுபோல்தான். கடல்நீர் ஆக்ஸிஜனைக் குறைவாகவே ஏற்கும். 25 பாகையில் 7 மில்லிகிராமுக்கும் கீழே. வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது சி.ஓ.டி., பார்க்க டைகுரோமேட் சேர்க்கும்போது நீரிலுள்ள குளோரைடும் சேர்ந்து வினைபுரிந்து பொய்யான எண்ணைத் தரும். வழக்கமான முறை லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரை தாங்கும். கடல்நீரில் இருப்பதோ 19,000 அளவில். எனவே கடலோர அறிக்கையில் சி.ஓ.டி. எண்ணைக் கண்டால், எந்த முறையில் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஓதம் ஏறும்போது எடுத்ததா, இறங்கும்போது எடுத்ததா என்று அடுத்துக் கேளுங்கள். ஏற்றத்தில் எடுத்தால் கடலை அளக்கிறீர்கள், இறக்கத்தில் எடுத்தால் ஊரை அளக்கிறீர்கள்.

திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவு போதும் என்று நடைமுறை இருக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். வடகிழக்குப் பருவமழை வரும் மாதங்களில்தான் சோழ நாட்டுக் கழிமுகங்கள் முழுவதும் வேறு நீராக மாறுகின்றன. மார்ச் மாதத்து வெள்ளாற்றைப் பார்த்துவிட்டு நவம்பர் வெள்ளாற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத எவருக்கும் தகுதியில்லை. 1990களின் தொடக்கத்தில் மைய அரசு கடலோர நீரைத் தொடர்ந்து கண்காணிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய தொடர் பதிவுகள்தான் இந்த நாட்டின் உண்மையான சொத்து.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். மூன்றாண்டுத் திட்டத்துக்கு ஒப்பந்தச் சம்பளம், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அளந்தவரின் ஏடு அலமாரியில் பூட்டப்படும், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். ஒரே ஏரியை முப்பது ஆண்டுகள் பார்க்க ஒருவருக்குச் சம்பளம் தரும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அதனால் அந்தப் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்க வேண்டும், அதற்கு மிகப் பொருத்தமானவை ஏரிக்கரைக் கல்லூரிகள்தான். மாணவர் மாறுவார்கள், ஆசிரியர் மாறுவார்கள், ஏடு மாறாது.

ஆகவே இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குக்கரஹள்ளியின் கரையிலேயே மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகம் இருக்கிறது. மைசூரில் கல்லூரிகளுக்கும் வேதியல், தாவரவியல் துறைகளுக்கும் பஞ்சமில்லை. மாதம் ஒரு நாள், அதே மதகருகே, விடியுமுன் ஒரு முறையும் பிற்பகல் ஒரு முறையும் ஆக்ஸிஜன், பி.எச்., வெப்பம், தெளிவு பாருங்கள். ஒரு சொட்டு நீரில் எந்தப் பாசிகள் என்று எழுதுங்கள். தெளிவு பார்க்க 20 செண்டிமீட்டர் அளவுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டும் கயிறும் போதும். தட்டை இறக்கித் தெளிவு பார்க்கும் இந்த முறை, ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் வெள்ளைத் தட்டைக் கொண்டு கடலில் செய்து காட்டியது. வந்த எண்களை ஏரி வாசலில் ஒரு பலகையில் கன்னடத்தில் எழுதி வையுங்கள், காலையில் நடக்க வருபவர்கள் படிக்கட்டும். நல்ல எண் வந்தாலும் எழுதுங்கள், கெட்ட எண் வந்தாலும் எழுதுங்கள். பாசியைப் பெயர் சொல்லி அடையாளம் காண இரண்டு மாணவருக்காவது இந்த ஆண்டே பயிற்சி கொடுங்கள். அந்தக் கலை தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதமே தொடங்கலாம். யார் முன்வந்தாலும் உடன் வந்து பாட்டில் பிடிக்க நான் தயார்.